கூடப்பிறந்தவர் யார் என்று கேட்டார்கள்

1978 ஜூன் 5, திங்கள்
விடாத மழை. ஆபீஸ் லீவு. ஈறில் மறுபடி ரத்தம்.
மெட்ராஸ் டாக்டரின் கடிதம் கப்பல் தபாலில். நாலு தடவை படித்தேன். என் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டு வருகிறதாம். வேறொருவர் மஜ்ஜையை ஏற்றலாமாம். இங்கே இல்லை, வெளிநாட்டில். அதுவும் கூடப்பிறந்தவருடையது பொருந்தினால்தான். இருப்பது ஒரே தம்பி, ராசு. இந்தத் தீவுகளின் தென்கோடியில், கேம்பல் பேயில் ரோடு வேலை. வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று.
மஜ்ஜை என்றால் எனக்குத் தெரிந்தது ஆட்டுக்கால் சூப்புதான். சிரித்தேன்.
வாங்க வேண்டியது: தபால் கவர், மண்ணெண்ணெய், மாத்திரை.

ஜூன் 7
யாரைக் கேட்பது? லைப்ரரியில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னாள்: ஜங்லிகாட் தெருவில் மீரா தீதி, வங்காளி; தீதி என்றால் அக்கா. அவள் கணவருக்கும் இதே நோயாம்.
போனேன். டீ கொடுத்தாள். "டரோ மத்" என்றாள். பயப்படாதே என்று சொல்ல இப்போதுதான் ஒரு ஆள். அழுதுவிட்டேன். சுவரில் கணவர் படம், மாலையோடு.
அப்புறம் கேட்டாள், கூடப்பிறந்த தம்பியா, கப்பல் தம்பியா என்று. ஒரே கப்பலில் குடியேறியவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவது இங்கே வழக்கம்தான். அவள் கணவரின் அண்ணன் அப்படியாம். மெயின்லேண்ட் போய் ரத்தம் சோதித்த பிறகுதான் தெரிந்ததாம்.
எனக்குக் கோபம். ராசு என் அம்மா வயிற்றுப் பிள்ளை என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 8
மீரா தீதி கேட்டதை அம்மாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள் கை நின்றது.
"அவன்ட்ட சொல்லிறாத."
"என்னத்த?"
"கப்பல்ல நாலாம் நாளு அவன் ஆத்தா போயிட்டா. கைப்புள்ள. கேக்க நாதியில்ல. ஜெட்டில பேரு எழுதுறப்ப உங்கப்பா நம்ம புள்ளைன்னுட்டாரு. உனக்குப் பால் மறக்கடிச்ச நேரம். அத அவனுக்குக் குடுத்தேன்."
இருபத்தாறு வருஷம். அப்பா சாகும்வரை வாய் திறக்கவில்லையே.
மஜ்ஜை போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி அப்புறம். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12
வெயில். கப்பல் வந்தது. ராசு டிரங்குப் பெட்டியோடு இறங்கினான். கறுத்துவிட்டான்.
"இடுப்பெலும்புலேருந்துதான் எடுப்பாங்களாமே, எங்க கம்பவுண்டர் சொன்னாரு. ரெண்டு பக்கமும் எடுத்துக்கட்டும்க்கா. ரெண்டு மாசம் லீவு போட்டுட்டேன்."
அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், விடாமல்.
"வா தம்பி" என்றேன்.