அகலமான சிவப்புக் கோடு

அன்புள்ள ரமணம்மா அக்காவுக்கு,

பதற்றத்தில் எதையும் விட்டுவிடக் கூடாதென்று முதலில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன்.

1. உங்கள் மகள் சொன்னது.
2. அந்தச் சிவப்புக் கோடு.
3. நான் வாய் திறக்காததற்குக் காரணம்: பயம்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆரம்பாக்கம் வந்திருந்தேன். பந்தியில் உங்கள் மகள் சிரித்துக்கொண்டே, "எங்கம்மாவுக்குக் கலரே தெரியாது சார். அதான் ரேடியோ கம்பெனில ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எழுபதுகளின் கடைசி, கும்மிடிப்பூண்டி. நீங்கள் ரேடியோவில் பாகங்களைப் பொருத்துபவர். நான் டிப்ளமோ படித்த பரிசோதகன். உங்கள் தட்டிலிருந்த, மின்னைத் தேக்கும் கண்டென்சர்களில் மேலிருந்து சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சிவப்பு என்று கோடுகள். உங்களுக்குத் தெரிந்ததுதான்: முதல் இரண்டு நிறமும் இலக்கங்கள், மூன்றாவது பின்னால் வரும் சுழிகளின் எண்ணிக்கை. சிவப்பு இரண்டு, மஞ்சள் நான்கு, கறுப்பு என்றால் பின்னால் சுழி இல்லை. வெறும் இருபத்துநான்கு பைக்கோஃபாரட் என்று படித்து, 'தவறான பாகம் கலந்த தட்டு' எனப் பதிவேட்டில் எழுதினேன்.

"இன்னா நைனா, மேல இருக்கிற சேப்பு பட்டையா கீது பாரு. ஒண்ணு இல்ல, ரெண்டு சேப்பு ஒட்டிக்கினு கீது. இம்மாம் பெரிய உடம்புக்கு இருபத்துநாலா?"

"நான் படிச்சிட்டு வந்திருக்கேன்க்கா."

"படிச்சே, சரி. கோட்டயும் படி."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. சூப்பர்வைசர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். உங்களுடையது தற்காலிக வேலை. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வேறு. "சங்கு ஊதினதும் கெளம்பும்மா. நாளைக்கு வரவேணாம்."

மதியம் அந்தக் கண்டென்சர்களில் ஒன்றை அளவுக் கருவியில் மாட்டினேன். 0.22 மைக்ரோஃபாரட். இரண்டு, இரண்டு, மஞ்சளுக்கு நான்கு சுழி; அதாவது இரண்டு லட்சத்து இருபதாயிரம் பைக்கோஃபாரட். நீங்கள் சொன்னதே சரி.

சங்கு ஊத நான்கு மணி நேரம் இருந்தது. சூப்பர்வைசர் என் மேசையருகே நின்று, "வேற எதுனா சொல்லணுமாப்பா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வாசலில் நீங்கள் "வரேன் நைனா" என்றீர்கள். ஏன் அக்கா, திட்டியிருக்கலாமே?

இப்போது கண்டென்சரில் எண்ணையே அச்சடித்துவிடுகிறார்கள். அன்று மாட்டிய அந்த ஒன்று மட்டும் இன்னும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. நாளைக் காலை திருவள்ளூரில் ஏறி, வண்டி மாறி ஆரம்பாக்கம் வருகிறேன். அதை உங்கள் மகள் கையில் வைத்து, கோடுகளை எண்ணச் சொல்வேன். தவறாகப் படித்தது யார் என்பதையும் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம். சூப்பர்வைசர் நல்ல மனிதர். சொல்லியிருந்தால் "மாத்தி எழுதுப்பா" என்று போயிருப்பார். அது எனக்கு அன்றே தெரியும். எட்டாவது படித்த நீங்கள் நாலு பேர் முன்னால் என்னைத் திருத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. பயம் இல்லை, அக்கா. மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.

நீங்கள் நைனா என்று கூப்பிட்ட தம்பி,
தணிகாசலம்