என் அண்ணன் வைக்காத ரேகை

என் கூடப் பிறந்த உயிரே, அண்ணே,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. சுங்காயில் நீ வாங்கிய அந்தத் துண்டு நிலம் இனி தன்னுடையது என்கிறார் நம் தோட்டத்துக் கங்காணி. போன தை மாசமே நீ அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயாம். நம் லயத்து வீட்டுக்கே வந்து காகிதத்தைக் காட்டினார். அடியில் ஈப்போ நோட்டரி துரையின் சிவப்பு அரக்கு முத்திரை, பக்கத்தில் கட்டை விரல் ரேகை.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உன் விரல் தெரியாதா? அந்த ரேகை ஒரு கீறல் இல்லாமல் வழவழவென்று விழுந்திருந்தது. இத்தனை வருசம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவன் விரலா அது? கத்தி உன் கட்டை விரலைக் குறுக்கே கிழித்த அன்று நான் காப்பித்தூளை அள்ளி அப்பினேன். 'காப்பிக்கு என்ன செய்வே?' என்று நீ கத்தினாய். அது கிடக்கட்டும்.

நிலம் வாங்கியபோது நீ ரேகை வைத்த பழைய பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரான உன் மச்சானோடு ஈப்போவுக்கு ரயிலேறினேன். ஆளை நேரில் பார்த்து, தமிழில் படித்துச் சொல்லி, ரேகை வாங்கிய பிறகுதான் துரை முத்திரை வைப்பாராம். அவரிடம் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி சொன்னார்.

"துரை முத்திரை வெச்சாச்சு. அதுக்கு மேல என்னம்மா கேள்வி?"

"வந்த ஆளுதான் எங்க அண்ணன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கிராணி புத்தகத்தைப் புரட்டினார். குரல் இறங்கிவிட்டது.

"கங்காணிதான்."

முத்திரை நிஜம், ரேகை நிஜம், ஆள்தான் பொய். குறுக்குத் தழும்போடு உன் ரேகை விழுந்த பழைய பத்திரத்தைப் பக்கத்தில் விரித்தேன். துரை கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். விசாரணை முடியும்வரை பெயர் மாற்றக் கூடாதென்று நில ஆபீசுக்கு எழுதுகிறாராம். எழுதுவாரா? கங்காணியும் அந்தப் படியில் ஏறி இறங்கியவர்தானே?

இப்போது கோயிலில் விபூதிக்கு நீளும் ஒவ்வொரு கையிலும் கட்டை விரலைத்தான் பார்க்கிறேன். நேற்று, கங்காணி கடையில் பொட்டலம் மடிக்கிறவன் என்னைக் கண்டதும் விரலை உள்ளே மடக்கிக்கொண்டான். ஏன் மடக்கினான், அண்ணே?

அந்த விரலை நோட்டரி துரையின் மேசைக்கு முன்னால் விரிக்க வைக்காமல் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நான் சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ரேகை வைக்கும்,

உன் தங்கச்சி மாரியாயி.