தீனி எடுக்குதா

21.10.2004, வியாழன்

இன்று ஆய்வகத்தில் சுண்டெலிகளைக் கொன்று அறுத்துப் பார்த்தோம். குடல் புற்று ஈரலுக்குப் பரவாமல் தடுக்கிறதா என்று பார்க்க நாங்கள் மருந்து கொடுத்துவந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஈரல் சுத்தமாக இருந்தது. என் பிஎச்.டி. கைடு எல்லோருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார். எனக்கு இறங்கவில்லை.

ஆரப்பாளையம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமா கேட்டார். என் கணவரின் அப்பா; உசிலம்பட்டியில் மாடுகளோடு கிடந்த மனிதர். குடலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்களோடு இருக்கிறார். தினமும் கேட்பதுதான்.

"ஏத்தா, எலிக தீனி எடுக்குதா?"

"மருந்து கேட்டுருச்சு மாமா. ஈரல்ல ஒண்ணுமில்ல."

"அப்பப் பொழச்சுக்கிருச்சுகன்னு சொல்லு!"

தனக்கு எடுத்ததுபோல எலிகளுக்கும் ஸ்கேன் எடுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு, "டேய், எலிகளுக்குச் சரியாப் போச்சாம்டா" என்றார். ஒரு இட்லிக்கே முகத்தைச் சுளிப்பவர், இன்று மூன்று சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றச் சொன்னார். ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அந்த மருந்து மனிதருக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ. அதை அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவருக்கு மறுபடியும் ஸ்கேன்.

கூடத்தில் குறட்டை கேட்கிறது. நன்றாகத் தூங்குகிறார். காலையில் நான் செருப்பை மாட்டும்போதும் அதையே கேட்பார். நல்லா எடுக்குது மாமா என்றுதான் சொல்லப்போகிறேன்.