ஜன்னல் திரைக்குப் போன கம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, வாண்டு மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் ‘சூப்பரா இருக்கேம்ப்பா’ என்பாய், அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். நம் இரண்டு அறை வீட்டில் போனில் பேசினால் அம்மாவுக்கும் கேட்கும் உன் தங்கைக்கும் கேட்கும், உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் அந்த நிமிஷமே உன் பக்கம் லைன் போய்விடும். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். கோச் நம் பாய்மரப் படகுக் கிளப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு வருகிறார், வந்து இறங்கிய அன்றே உன் வீட்டுக்கு வந்து இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ‘உங்க பெரிய பொண்ணு எந்த ரேஸ்ல ஓட்டுறா, சொல்லுங்க, நம்ம பசங்களுக்குக் காட்டணும்’ என்று அவ்வளவு பெருமையாகக் கேட்டார். நான் மீட்புப் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு இந்தப் பிழைப்பு தேவைதான்.

அம்மா மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், வீட்டுக்கு வந்ததும் அதே கடையில் வாங்கிய களிம்பை எடுத்துத் தன் கால் வீக்கத்துக்குத் தடவிக்கொள்கிறாள், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாரேன் என்றால் என்னை முறைக்கிறாள். சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் ‘பார்க்கலாம்’ என்ற பல்லவியை இன்னும் விடவில்லை. உன்னோடு ரெட்டைப் படகில் முன்னால் உட்கார்ந்து ஓட்டினாளே தையல்காரர் மகள், அவள்தான் இப்போது அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள், கிளப்பில் படகுப் பாய் கிழிந்தால் அவளிடம்தான் கொடுக்கிறோம். போன வாரம்கூட உன்னைப் பற்றி விசாரித்தாள். நீ அவளை அம்போ என்று விட்டுவிட்டு ஒத்தைப் படகுக்குத் தாவினதை அவள் மறந்துவிட்டாள், நான்தான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாண்டுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, பொடிசுகள் ஓட்டுகிற அந்தப் பெட்டிப் படகில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கிறது. இனி என்ன படகு என்று கோச் திரும்பி வந்ததும் அவள் சொல்லியாக வேண்டும். உனக்கு இருந்த அதே மூன்றுதான், இரண்டு பேர் ஓட்டுகிற ரெட்டை, எல்லாப் பிள்ளைகளும் எடுக்கிற சாது, அப்புறம் உன் சண்டி. சாது பேருக்கேற்ற மாதிரி ஒருத்தி உட்கார்ந்தால் சொன்னபடி கேட்டுப் போகும். சண்டியோ ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய பாய், ஓட்டுகிறவள் மூச்சை இழுத்து விட்டாலே சாய்ந்துவிடும். உன் தங்கை அந்தச் சண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏன் என்றால் நீ பேசி அனுப்பினதைப் போனில் எனக்குப் போட்டுக் காட்டினாள், ‘சாதுவெல்லாம் பாப்பாங்க ஓட்டுறதுடி, நம்ம வீட்டுப் பொண்ணு சண்டியத்தான் எடுக்கணும், நானே இன்னைக்கும் அதத்தானே ஓட்டுறேன்’ என்று. நல்ல கம்பீரமான குரல். கேட்டுவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நீ ஓட்டவில்லை. ஓட்டுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது என்று எனக்குத் தெரியும். யாரும் கோள் சொல்லவில்லை, நீயேதான் காட்டினாய். புது அறைக்கு மாறிவிட்டேன் என்று வீடியோவில் சுற்றிக் காட்டினாயே, அப்போது ஜன்னலில் நீலத் திரை தொங்கியது. உன் அம்மா துணி நல்ல துணியாக இருக்கிறதே, என்ன விலை என்று கேட்டாள். எனக்குத் துணி கண்ணில் படவில்லை, அதை மாட்டியிருந்த கம்புதான் பட்டது. படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்து உட்கார்ந்தால் சுக்கானுக்குக் கை எட்டாது என்று நீட்டுக்குப் பிடிப்போமே, அந்தக் கம்பு. உன் கை வழுக்குகிறது என்று நான்தானே அதில் துணி நாடா சுற்றி, அதற்கு மேல் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தேன். சுக்கானில் மாட்டுகிற ரப்பர் மூட்டுகூட அந்த ஓரத்தில் ஜன்னலைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தது. சரி, பழசை இப்படிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் போனில், புதுக் கம்பு எப்படியம்மா இருக்கிறது என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். ‘புதுசெல்லாம் இல்லப்பா, நீங்க டேப் சுத்தினதேதான், அது இல்லாட்டி எனக்குக் கையே வராது’ என்றாய். உன் தலைக்குப் பின்னால் அதில்தான் திரை ஆடிக்கொண்டிருந்தது. யார் காதில் பூச்சுற்றுகிறாய்? உன் உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை, முகத்தில் வெயில் பட்ட சுவடு இல்லை, நீயோ ‘இந்த வாரம் செம காத்துப்பா, உடம்பெல்லாம் வலி’ என்கிறாய். நானும் தலையை ஆட்டுகிறேன். நீ இப்போது என்ன வேலை பார்க்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. பெற்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் உன் ஜன்னல் திரையின் நிறம்.

நீ தேர்ந்தெடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று படகையும் புல்தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள், நான் சாதுவை எடு என்றேன், நீ சண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாய், ‘சாதுல தோத்தா எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லுவாங்கப்பா, சண்டில தோத்தா படகு அப்படின்னு சொல்லிக்கலாம்ல’ என்று. எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எடை போதவில்லை, காற்றில் படகை அழுத்திப் பிடிக்க முடியவில்லை என்று நீ அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டதும், அம்மா தினம் விடிவதற்குள் முட்டை அவித்ததும், படகுக்குள் இருக்கிற கால் வாரில் காலை மாட்டி மாட்டி உன் முழங்கால் வீங்கினதும், கவிழும் ஒவ்வொரு தடவையும் முஷ்டியால் அந்தப் படகின் வயிற்றில் நீ குத்தினதும் எல்லாம் நான் மீட்புப் படகில் உட்கார்ந்து பார்த்தவைதான். பார்க்கத்தான் முடியும். கவிழ்ந்தவள் கையைத் தூக்கினால்தான் நான் கிட்டே போகலாம், கேட்காமல் படகைத் தொட்டால் அவள் பந்தயத்திலிருந்து வெளியே. அந்த விதியை நான் ஒரு நாளும் மீறினதில்லை. ஆனால் அது தண்ணீரில் இருக்கிற விதி, வீட்டுக்கு யார் அதை வைத்தார்கள்? அத்தனை தூரத்தில் நீ கவிழ்ந்து கிடந்திருக்கிறாய், கையைத் தூக்கவே இல்லை. ‘முடியலப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன அடிக்கவா வந்திருப்பேன்? எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான், நீ விட்டதில் இல்லை. இப்போது அதே குழியில் சின்னவளையும் நீ கையைப் பிடித்து இறக்குகிறாய். அவள் உன்னைவிட எடை குறைவு. கோச் உன்னைத் தண்ணீரில் தேடிக் காணாமல் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் கேட்பதற்குள் நீயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. அந்தக் கம்பையும் கோச்சிடம் கொடுத்தனுப்பு. அது திரை மாட்டுவதற்காக நான் செய்து கொடுத்ததில்லை.

இதுவரை எழுதி நேற்று உறையில் போட்டேன். இன்று நடந்ததையும் எழுதிவிட்டு ஒட்டுகிறேன். மத்தியானம் வாண்டு எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்த உன் பழைய சண்டியை, அங்கே வேறு சண்டி கிடைக்கும் என்று கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு நீ விட்டுப்போனாயே அதை, வெளியே இழுத்தாள், கம்பு இல்லையே என்றேன், வீட்டில் தரை துடைக்கிற மாப்பின் கம்பைக் கழற்றிக் கொண்டுவந்து சுக்கானில் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். உன் அம்மா மாப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது வேறு கதை. நான் மீட்புப் படகில் பின்னாலேயே போனேன். கவிழ்ந்தாள், நிமிர்த்தினாள், ஏறினாள், அந்தப் பக்கம் கவிழ்ந்தாள். எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக மேலே வந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நீ குத்தின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் களைத்துப்போய்க் கவிழ்ந்த படகின் மேலேயே ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டேன், பொறுக்க முடியவில்லை. ‘உங்க அக்கா இத ஓட்டுறத எப்பவோ விட்டாச்சு, அவ பேச்சக் கேட்டு நீ ஆடாத’ என்றேன். அவள் முகத்தை வழித்துக்கொண்டு, ‘தெரியுமேப்பா, கம்புலதான் திரை மாட்டியிருக்காளே, நீங்க கவனிக்கலையா’ என்கிறாள்! அப்புறம் எதுக்குடி அவள் பேசினதை எனக்குப் போட்டுக் காட்டினாய் என்றால், ‘அக்கா சொன்னான்னா நீங்க ஒத்துக்குவீங்கன்னுதான்’ என்றாள். அவளுக்கு இந்தப் படகு பிடித்திருக்கிறதாம், அவ்வளவுதான் காரணமாம். ரெட்டையில் போனால் இன்னொருத்தியோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம், சாதுவில் தூக்கம் வருகிறதாம். தோற்றுப்போனால் என்ன சொல்வாய் என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரிதான் கேட்டேன். ‘தோத்துட்டேன்னு சொல்லுவேன், வேற என்னப்பா சொல்றது’ என்றாள். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, ‘எனக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், எனக்கு அட்வைஸ் பண்றப்பதான் அவ குரலே நல்லா இருக்கு’ என்றாள். சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லிவிட்டேன். உனக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். இத்தனை மாதமாக நீ அந்தச் சின்னப்பெண்ணை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாய், அவள் உன்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் கம்பைக் கோச்சிடம் கொடுத்தனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். ‘வேணாம்பா, எனக்கு மாப்பு போதும். அத எடுத்துட்டா அவ ஜன்னலுக்கு என்ன பண்ணுவா’ என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்து, படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற நடுப்பலகையில் ஏறி நின்று உடம்பைப் பின்னால் சாய்த்துப் படகை நிமிர்த்தினாள். கையைத் தூக்கவில்லை, நானும் தொடவில்லை. அவள் கரை சேரும்வரை நான் பின்னாலேயே மெதுவாக வந்தேன்.

நேற்று எழுதினதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, பொய்யாக ஆறிவிட்டது என்று எழுதுவானேன், பொய் நம் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், அந்த வேலையை என் தலையில் கட்டாதே. கோச்சிடம், கடிதத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், அவள் அறை சின்னது என்று சொல்லி வைத்திருக்கிறேன், உள்ளே வந்தால் அவர் கண்ணிலும் கம்பு பட்டுவிடும். என்னால் ஆனது அவ்வளவுதான். மற்றதை நீயே அவரிடம் சொல்லு, அவர் நல்ல மனுஷர். முழங்காலைக் குளிரில் போட்டு வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, எடை கூடுவதற்காக இல்லை, பசிக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்தோடு சேர்ந்து உண்டு.

மறக்காமல் ஒன்று. கம்பைக் கொடுத்தனுப்ப வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். நானாக இருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன், உன் தங்கைதான் விட்டுவிடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது வழக்கம்போல ஜன்னலுக்கு முன்னாலேயே உட்கார். காற்று எப்படி என்று கேட்க மாட்டேன். காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகிறாய் என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
நீ கையைத் தூக்குவாய் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற
உன் அப்பா