மணமகன் அறை

கீழ்த்தளத்தில் இருக்கும் உங்களுக்கு, மாடியிலிருந்து எழுதுவது.

நம் வீட்டுச் சுவர் மழையில் விழுந்து இந்தக் கல்யாண மண்டபத்துக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரு குறையும் இல்லை. படிக்கட்டைத்தான் கொஞ்சம் உயரமாகக் கட்டிவிட்டார்கள். பாயும் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது.

மாநகராட்சிக்காரர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளை இங்கே எல்லோருக்கும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்பு என்றால் சும்மாவா? ஆண்கள் கீழே, பெண்கள் மேலே, உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடைசி விதியைத்தான் ஒருவரும் கவனிக்கவில்லை. நடக்க முடியாதவர்கள், துணைக்கு ஓர் ஆளோடு கீழே மணமகன் அறையில் தங்கலாமாம். அங்கே கட்டில் இருக்கிறது.

உடனே முகாம் பொறுப்பாளர் பெண் அஸ்வினியிடம் போனேன்.

"யாருக்கு அப்பத்தா முடியல?" என்றாள்.

"எனக்கென்ன கேடு? அவுகளுக்குத்தான் தாயி, முட்டிவலி. நான் கை குடுக்காம எந்திரிக்க மாட்டாக."

"தாத்தாவுக்கா? நேத்து ஏணியில ஏறி ஃபேன் மாட்டுனாரே!"

"வீம்புக்கு ஏறுனாக. எறங்கையில அம்புட்டு அழுகை."

நாளைக் காலையில் உங்களைப் பார்க்க டாக்டர் வருகிறார். அதுவரை ஏணிப் பக்கம் போகாதீர்கள். இடது முட்டி என்று சொல்லியிருக்கிறேன். எப்படி நொண்டுவது என்று தெரியாவிட்டால், காபிக்கு நான் படியிறங்கி வரும்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயும் இல்லாத உங்கள் மனைவி.