தெரிந்த கணக்கில் விட்ட மார்க்

2017 செப்டம்பர் 18, திங்கள்

மாதிரித் தேர்வில் இன்றும் அதே கதை. A-யும் B-யும் சேர்ந்தால் ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பார்கள். A தனியாக இருபது நாள். அப்படியென்றால் B? முப்பது. மனக்கணக்காகவே போட்டு டக்கென்று தட்டினேன். தப்பு! கேள்வியின் கடைசி வரியில் ‘பாதி வேலையை’ என்று இருக்கிறது. கேள்வி போட்டவன் அந்த முப்பதையும் முதல் விடையாக வைத்திருக்கிறான், எனக்கென்றே. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவளுக்கு இது தேவையா?

வங்கி எழுத்தர் தேர்வு டிசம்பரில். இதை விட்டால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டு முறையும் தெரியாத கணக்கு என்னைக் கவிழ்க்கவில்லை, தெரிந்த கணக்குதான் கவிழ்த்தது. வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 21

மணிக்கு 72 கிலோமீட்டரை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றவே இல்லை. ரயில் பாலத்தைத் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன. போ.

செப்டம்பர் 24

பண்ருட்டி பயிற்சி மையத்தில் கொளஞ்சிநாதன் சாரிடம் காட்டினேன். “எல்லாம் சில்லி மிஸ்டேக்மா எழில்மதி. கவனமா போடு” என்றார். கவனமா போடு! காய்ச்சல் என்று போனால் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லும் டாக்டர் மாதிரி. இதற்கு பஸ் ஏறிப் போய் வர அரை நாள்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் காயத்ரி, மதுரைக்காரி, வல்லாரை சாப்பிடச் சொல்லி ஒரு கட்டு கொடுத்தாள். துவையல் அரைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எந்தத் தேர்வாம்?

அக்டோபர் 3

போன வாரமும் இந்த வாரமும் கணக்கில் ஒரு தப்பு இல்லை. வல்லாரையா?

அக்டோபர் 10

வல்லாரையாவது மண்ணாவது. விலை இருபது சதவீதம் ஏறி இருபது சதவீதம் இறங்கினால் ‘மாற்றமில்லை’ என்று தட்டியிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது. அழுகையே வந்துவிட்டது.

அக்டோபர் 12

அடிப்பாவி. இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாளா உனக்கு?

தப்பெல்லாம் கடைசிப் பத்துக் கேள்வியில். அதுவும் எப்போது? போன வாரம் அவருக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்கினார், விடையெல்லாம் சரி. அதற்கு முந்தின வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார், அப்போதும் சரி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான் எனக்குப் புத்தி மழுங்குகிறது. சமையல் முடித்து ஒன்றரைக்கு உட்காருகிறேன். இரண்டேகாலுக்குச் சுரங்கத்திலிருந்து ஆட்களை இறக்கிவிடும் ஷிப்ட் பஸ் பிளாக் முனையில் ஹாரன் அடிக்கும். அடித்ததும் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும், குழம்பு சுட வேண்டும், அப்பளம் பொரிய வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷமாக நானும் அப்படித்தான். ஹாரன் வருவதற்கு முன்பே காது தெருவுக்குப் போய்விடுகிறது. அந்த அவசரத்தில் எவன் கேள்வியின் கடைசி வரியைப் படிப்பான்?

அக்டோபர் 13

சொல்லிவிட்டேன். இனி மணி இரண்டரை ஆகும்வரை எழுந்திருக்க மாட்டேன், நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள் என்று.

வீட்டுக்காரர் கலைச்செல்வனுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. “எட்டு மணி நேரம் மைன்ஸ்ல வெந்துட்டு வரேன். வூட்ல ஒரு வாய் சோறு போட ஆளில்லையா?”

“அந்தக் கால் மணி நேரத்துலதாங்க எனக்கு வேலையே போவுது.”

“பஸ்சு வந்து ஒனக்கு மார்க்க கொறைக்குதா? நல்லா கதை சொல்ற.”

சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். படுக்கட்டும். எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் நாலு மணிக்குத் தட்டு வைத்தேன்.

அக்டோபர் 31

மறுபடி ஃபர்ஸ்ட் ஷிப்ட். மனுஷன் இறங்கி வந்துவிட்டார், அதுதான் பெரிய தொல்லை. கதவைத் திறந்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “நான் ஒண்ணும் கேக்கல, நீ எழுதிகினு இரு!” ஒரு நிமிஷம் போனதும், “எழிலு, உப்பு எங்க கீது?”

மூன்று தப்பு.

நவம்பர் 2

இன்று வாயே திறக்கவில்லை. பின்கதவு வழியாக வந்து, ஆறின குழம்பை ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. தப்பு ஒன்றுதான், அதுவும் எனக்கு நிஜமாகவே தெரியாத கணக்கு. தெரியாமல் விடுவதில் இவ்வளவு சந்தோஷமா!

நவம்பர் 22

ஹாரன் கேட்டது. கேள்வியை இரண்டாவது தடவை படித்தேன்.

டிசம்பர் 9, சனி

கடலூரில் எழுதினேன். பக்கத்து நாற்காலிப் பெண் சோளம் பொரிவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கும் கை பரபரத்தது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். தெரியாத சிலவற்றைத் தொடவேயில்லை.

வெளியே அவர் பைக்கோடு நின்றார். “எப்பிடி?”

“தெரியலங்க.”

“அப்பாடா. போன ரெண்டு வாட்டியும் சூப்பரா எழுதுனேன்னு சொல்லிக்கினு வந்த.”

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

2018 ஜனவரி 22

முதல் கட்டம் தேறி, மெயினும் எழுதியாயிற்று. எப்படி என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

ஜூன் 21, வியாழன்

வங்கியின் விருத்தாசலம் கிளை. சேர்ந்து நாலாவது நாள். மத்தியானம் கவுண்டரில் கூட்டம் தலைக்கு மேல், அப்போதுதான் போன்.

“எழிலு, ரெண்டு டம்ளர் அரிசிக்கு எவ்ளோ தண்ணி?”

“எந்த அரிசிங்க? பச்சரிசியா, புழுங்கலா? குக்கரா, பானையா?”

“அட, கேட்டதுக்குப் பதில் சொல்லேன். பசி உயிர் போவுது.”

“கேள்வியே அரைகுறையா இருக்கு. பாத்துட்டு வந்து கேளுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தார். புழுங்கல்தானாம், குக்கராம்.