கூண்டுக்குள் நிமிர்த்தி வைத்த பிள்ளை

வினார்த்தி அக்கா,

நீ எழுவதற்குள் நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாவி அரிசி டின் மேல். குழந்தை நிங்ருமின் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. மடியில் சாய்த்துப் பிடித்து ஊட்டு, உட்கார வைக்காதே.

நேற்று, பிள்ளையின் பாதம் முதன்முதலாக மண்ணில் படும் மண் மிதிக்கும் சடங்கில், நான் தடுத்தும் கேட்காமல், என் மகளைக் கோழிக்கூண்டுக்குள் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தாய். "எட்டு மாசமாச்சு, இன்னும் உக்காரலேன்னா வந்தவங்க என்னடா நினைப்பாங்க?" என்றாய். நினைத்துவிட்டுப் போகட்டும்! அவள் குள்ளமாகப் பிறந்தவள், அதை யாரும் மறைக்க வேண்டாம். தலை கனம், முதுகில் இன்னும் பலமில்லை. இப்போதே நிமிர்த்தி வைத்தால் கூன் விழுந்துவிடும் என்று டாக்டர் உன்னிடமும்தானே சொன்னார்? வந்தவர்கள் முன் நீ போட்டோ எடுக்க அவள் முதுகுதானா கிடைத்தது?

கூண்டுக்குள் எதை எடுக்கிறாளோ அதுதான் அவள் எதிர்காலமாம். உள்ளே வைத்த பென்சில், அரிசி, உன் சீப்பு என எதையும் தொடவில்லை என்று அழுதாயே. இன்று காலை கூண்டைத் தூக்கிவிட்டு, அதே பாயில் அவளைக் குப்புறப் படுக்க வைத்தேன். நெற்றியைத் தரையில் ஊன்றி, காலால் உந்தி உந்தி, தானே போய் உன் சீப்பை எடுத்துக்கொண்டாள்.

சுகெங்

கூண்டைக் கோழிகளுக்கே கொடுத்துவிடு.

சீப்பைத் திருப்பிக் கேட்காதே. தர மாட்டாள்.